பனி வந்தால் கொசு குறையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர், மழை நின்று பனி இறங்கிவிட்டது, இனிமேல் கொசுத் தொல்லை தானாகவே அடங்கிவிடும் என்று எழுதியிருந்தார். அவர் எந்த ஊர்க்காரரோ, ஊட்டிப் பக்கமாக இருக்கலாம். சென்னைக்குத் தெற்கே இருக்கும் எங்கள் புறநகரில் கொசு இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் விடாமல் மழை பெய்தபோதுகூட இவ்வளவு இல்லை. இனி மாசி முடியும்வரை இப்படித்தான். ஒவ்வொரு வருஷமும் இதே கதை, ஒவ்வொரு வருஷமும் இதே 'பனி வந்தால் குறையும்' பேச்சு.

நான் வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள். 22 வருஷம் ஆகிறது. மார்கழியில் கல்யாணம் இல்லை, உங்களுக்கு ஓய்வுதானே என்று கேட்பார்கள். இந்த மாதத்தில்தான் எனக்கு இடுப்பு ஒடியும். பொங்கலுக்கு வேண்டும் என்று ஒரு கூட்டம், தை முதல் முகூர்த்தத்துக்கு வேண்டும் என்று இன்னொரு கூட்டம். சாயங்காலம் ஐந்தரைக்கு டியூப் லைட்டைப் போட்டு உட்கார்ந்தால் ராத்திரி பத்து வரை எழுந்திருக்க முடியாது. இரண்டு கையும் துணியில், இரண்டு காலும் பெடலில். கொசுவுக்கு இதைவிடச் சௌகரியம் வேறு என்ன வேண்டும்? மெஷினுக்கு அடியில் இருட்டு, அங்கே அசையாத இரண்டு கணுக்கால். நடுவில் குனிந்து ஓர் அடி அடித்தால் அந்த ஒரு நொடியில் தையல் கோணிக்கொண்டு போய்விடும். பிரித்துத் தைக்க பத்து நிமிஷம்.

டிசம்பர் கடைசியில் ஒரு நாள் சந்தன நிறப் பட்டு ஜாக்கெட். கழுத்துக்கு பைப்பிங் வைத்துக்கொண்டிருந்தேன். துணியின் மேலேயே ஒன்று வந்து உட்கார்ந்தது. யோசிக்காமல் தட்டிவிட்டேன். வயிறு நிறையக் குடித்திருந்தது போல. கடுகளவு சிவப்பு, சரியாக முன்பக்கத்தில். விரலில் ஊசி குத்தி ரத்தம் துணியில் பட்டால் உடனே நம் எச்சிலையே தொட்டுத் தேய்ப்பது தையல்காரர்கள் பழக்கம். பெரும்பாலும் போய்விடும். அதைத்தான் செய்தேன். போகவும் போனது. ஆனால் அது என் ரத்தமா, அத்தையின் ரத்தமா, பக்கத்து வீட்டுக் குழந்தையின் ரத்தமா என்று யாருக்குத் தெரியும்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பனிக்காலத்தில் எங்கள் ஊரில் ஏன் கொசு கூடுகிறது? எனக்குத் தெரிந்தவரை இரண்டு காரணம். ஒன்று வீட்டுக்குள்ளே, ஒன்று தெருவிலே.

வீட்டுக்குள்ளே இருப்பது ஃபேன். சிரிக்காதீர்கள். வருஷத்தில் பத்து மாதம் எங்கள் வீட்டில் கொசுவை விரட்டுவது சுருளும் இல்லை, லிக்விடும் இல்லை, தலைக்கு மேலே ஐந்தாம் நம்பரில் சுற்றுகிற ஃபேன்தான். கொசு பறப்பதெல்லாம் நாம் நடக்கிற வேகத்தில் பாதிதான் இருக்கும், காற்றை எதிர்த்து அதற்கு வர முடியாது என்பாள் என் மகள். அவள் விலங்கியல் படித்தவள். நாம் விடுகிற மூச்சை மோப்பம் பிடித்துத்தான் கொசு நம்மைத் தேடி வருகிறதாம். ஃபேன் ஓடினால் அந்த மூச்சுக்காற்றும் அறை முழுக்கக் கலைந்துவிடுகிறது. மார்கழி வந்தால் என்ன செய்கிறோம்? முதல் வேலையாக ஃபேனை நிறுத்துகிறோம். சென்னைப் பக்கம் இந்த மாதத்தில் ராத்திரி 20, 21 டிகிரிதான் இருக்கும், இதைக் குளிர் என்று சொன்னால் வடக்கே இருப்பவர்கள் சிரிப்பார்கள். ஆனாலும் 78 வயது அத்தைக்கு மூட்டு வலிக்கிறது, "நிறுத்தும்மா, உதறுது" என்கிறார். நிறுத்திய ஐந்தாவது நிமிஷம் காதோரம் அந்த ரீங்காரம் தொடங்கிவிடும்.

தங்கை மகள் தில்லியில் வேலை பார்க்கிறாள். ஜனவரியில் அங்கே ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைக்குள் சுருண்டு கிடப்பார்களாம், கொசுவும் முடங்கிவிடுமாம். பிப்ரவரி கடைசியில் வெயில் தலைகாட்டும்போது திரும்ப வருமாம். நம் ஊரில் அந்தக் குளிரே கிடையாது. பகலில் 29, 30, ராத்திரி 20. நமக்கு எது இதமோ அதுதான் கொசுவுக்கும் இதம். சித்திரை வெயிலில் ஈரம் வற்றி சீக்கிரம் சாகிற கொசு, மார்கழியில் நிதானமாக வாழ்கிறது. இதில் நாம் நிறுத்திய ஃபேன் வேறு.

அடுத்தது தெரு. இதைத்தான் நீளமாகச் சொல்ல வேண்டும். கடிதம் பெரிதானால் நீங்கள் வெட்டிக்கொள்ளுங்கள், வெட்டுவது எனக்கும் தொழில்தான், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நவம்பரில் டெங்கு ஒழிப்புப் பணிக்கு ஒரு பெண் வந்தாள். டார்ச், கரண்டி, சாக்பீஸ் சகிதம். வீட்டுக்குள் வந்து ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டை இழுத்துக் காட்டினாள். எனக்கு மானம் போயிற்று. குச்சிகுச்சியாகப் புழு நெளிந்தது. இதில் வளர்வதுதான் டெங்குக் கொசு, காலில் வெள்ளை வரி இருக்கும், பகலில் கடிக்கும், நல்ல தண்ணீரில்தான் முட்டை போடும் என்றாள். பாத்திரம் காய்ந்தாலும் முட்டை சாகாது, மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டே கிடக்கும், திரும்பத் தண்ணீர் பட்டால் பொரியும், அதனால் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தாள். அன்றிலிருந்து வாரம் ஒருமுறை தேய்க்கிறேன். அந்தப் பெண் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

டிசம்பர் நடுவில் அவளைத் தெருமுனையில் பார்த்தேன். "தட்டையெல்லாம் தேய்ச்சுட்டேன், அப்புறமும் ஏன்மா இவ்வளவு கொசு?" என்று கேட்டேன். "அக்கா, இது உங்க வீட்டுக் கொசு இல்ல, சாக்கடைக் கொசு. இதுக்கு எங்களை அனுப்ப மாட்டாங்க" என்றாள். சொன்னதோடு நிற்காமல் எங்கள் வீட்டு வாசலிலேயே மழைநீர் வடிகாலின் மூடியை ஒரு பக்கமாகத் தூக்கிக் கரண்டியை விட்டு ஒருமுறை மொண்டு காட்டினாள். கறுப்புத் தண்ணீர். அதில் எண்ண முடியாத புழு, வாலை மேலே வைத்துத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு. அந்த ஒரு கரண்டியில் இருந்ததே எங்கள் வீட்டுக்கு ஒரு ராத்திரிக்குப் போதும்.

மகளிடம் சொன்னபோது அவள் விளக்கினாள். இந்தக் கொசுவுக்குப் பெயர் க்யூலெக்ஸ். ஒரு தடவைக்கு நூறு, இருநூறு முட்டை, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்து ஒரு குட்டித் தோணி மாதிரி அழுக்குத் தண்ணீரின் மேல் மிதக்கவிடும். இந்தச் சீதோஷ்ணத்தில் ஏறத்தாழ பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். மழை கொட்டும்போது வடிகாலில் தண்ணீர் ஓடுகிறது, தோணியும் புழுவும் அடித்துக்கொண்டு போகின்றன. மழை நின்றதும் ஓட்டமும் நிற்கிறது. வண்டல் தேங்குவதற்கென்று வடிகாலில் அங்கங்கே தொட்டி வைத்திருக்கிறார்களே, அதில் தண்ணீர் குட்டையாக நிற்கிறது. அப்புறம் அதில் சாக்கடையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஆக, மழை நின்றதால் கொசு குறையும் என்று உங்கள் வாசகர் எழுதியது தலைகீழ் கணக்கு. எங்கள் தெருவில் மழை நின்றதால்தான் கொசு கூடியது.

மழைநீர் வடிகாலில் சாக்கடை எப்படிச் சேர்கிறது என்று யாராவது கேட்டால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. நான் குடியிருக்கும் வீட்டின் குளியலறைத் தண்ணீரும் அதில்தான் போகிறது. எங்கள் ஹவுஸ் ஓனர் பத்து வருஷத்துக்கு முன் ராத்திரியோடு ராத்திரியாகக் குழாய் போட்டார். தெருவில் பாதிப் பேர் அப்படித்தான். அதனால்தான் இந்தக் கடிதத்தில் என் பெயர் வேண்டாம் என்கிறேன். வாடகைக்கு இருப்பவள் நான், தை மாதத்தில் வீடு தேடி அலைய என்னால் ஆகாது.

இப்போது என் குறை. மழைக்காலம் முழுக்க வாரம் ஒருமுறை வந்த கொசு மருந்துப் புகை அடிக்கும் வண்டி டிசம்பர் 10-க்கு மேல் வரவில்லை. உள்ளாட்சி அலுவலகத்துக்கு போன் செய்தேன். டெங்கு சீசன் முடிந்துவிட்டது என்றார்கள். கொசு முடியவில்லையே என்றேன். புகார் எண் கொடுத்தார்கள். நாலாவது நாள் காலை பத்தரை மணிக்கு வண்டி வந்தது, படபடவென்று சத்தம், தெரு முழுக்க வெள்ளைப் புகை, பின்னாலேயே பிள்ளைகள் ஓட்டம். மாலையில் 'புகார் முடிக்கப்பட்டது' என்று போனில் செய்தி. இந்தச் சாக்கடைக் கொசு பொழுது சாய்ந்த பிறகு கிளம்புகிற ஜாதி. பகல் பத்தரைக்கு அது கட்டிலுக்கு அடியிலும் கழிப்பறை மூலையிலும் வடிகால் மூடிக்கு உள்ளேயும் தூங்கிக்கொண்டிருக்கும். அதோடு, புகை சாகடிப்பது பறக்கிற கொசுவை மட்டும்தான், தண்ணீருக்குள் இருக்கும் புழு அப்படியே கிடக்கும். மறுநாள் புதுசாக ஒரு கூட்டம் எழுந்து வரும். அன்றைக்குப் புகையில் நனைந்தது என்னவோ வாசல் கம்பியில் நான் தொங்கவிட்டிருந்த ஏழு ஜாக்கெட். டீசல் வாடை போக இரண்டு நாள் காற்றாட விட்டேன். ஒரு அம்மா மோந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, மெக்கானிக் ஷெட்டிலா தைச்சீங்க?" என்று கேட்டார்.

சாக்கடைக் கொசுதானே, டெங்கு வராதே, அரித்தால் சொறிந்துகொள்ள வேண்டியதுதானே என்று ஒரு அலட்சியம் இருக்கிறது. நான் பிறந்தது கும்பகோணத்துப் பக்கம். யானைக்கால் என்றால் எங்கள் தெருவுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. எதிர்வீட்டுப் பாட்டி ஒரு காலை இழுத்து இழுத்து வைத்துத்தான் குளத்துக்குப் போவார். என் சின்ன வயதில் ராத்திரி ஒன்பது, பத்து மணிக்கு மேல் சுகாதாரத் துறையிலிருந்து டார்ச்சோடு வருவார்கள். தூங்குகிற எங்களை எழுப்பி விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு ரத்தத்தைத் தடவி எடுத்துப்போவார்கள். பகலில் வந்தால் என்ன என்று அப்பா எரிச்சல்பட்டது ஞாபகம் இருக்கிறது. அந்த நோயின் குட்டிப் புழுக்கள் பகல் முழுக்க நுரையீரல் பக்கம் பதுங்கியிருந்துவிட்டு, ராத்திரிதான் வெளி ரத்தத்துக்கு வருமாம். கொசு கடிக்க வரும் நேரமும் அதேதான். அந்த நோயைப் பரப்பியது இதே க்யூலெக்ஸ், இதே சாக்கடைக் கொசு. 2004-லிருந்து நாட்டில் நோய் இருந்த மாவட்டங்களில் வருஷா வருஷம் மாத்திரை கொடுத்து நோயை வெகுவாக அடக்கியிருக்கிறார்கள், ஓரிரு கடியில் வந்துவிடுகிற நோயும் இல்லை அது. மாதக்கணக்கில் விடாமல் கடி வாங்கினால்தான் வரும். ஆனால் மாதக்கணக்கில் விடாமல் கடி வாங்குவது எப்படி இருக்கும் என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வீட்டில் செய்து பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். சுருள் வைத்தால் அத்தைக்கு இழுப்பு வருகிறது. பேட் வாங்கினோம், சாயங்காலம் பட்பட் என்று பொரிவது கேட்க ஆனந்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் இரண்டு கையும் துணியில் இருக்கிறவளுக்கு பேட் எதற்கு? நொச்சி வைத்தால் கொசு வராது என்று தொட்டியில் ஒரு செடி வளர்த்தேன். ஒரு நாள் தண்ணீர் ஊற்றும்போது இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் மூன்று கொசு சாவகாசமாக உட்கார்ந்திருந்தன. இலையைக் காயவைத்துப் புகை போட்டால் கொஞ்ச நேரத்துக்குக் கேட்கிறது. சும்மா நிற்கிற செடி ஒன்றும் செய்வதாகத் தெரியவில்லை. மெஷினுக்குக் கீழே வெட்டுத்துணி மூட்டையை வைத்திருந்தேன், பகலில் கொசு அடைவதே அதில்தான் என்று தெரிந்து அதை இப்போது மொட்டை மாடிக்கு அனுப்பிவிட்டேன். விடிகாலை கோலம் போடும்போது கால் முழுக்கச் சாக்ஸ். பூசணிப்பூ வைக்க வந்த பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடம் போகிறீர்களா என்று கேட்டாள். கேட்கட்டும்.

உண்மையில் பலன் தந்தது ஒன்றுதான். எங்கள் கழிப்பறையில்தான் கொசு மிக அதிகமாக மொய்த்தது. டிசம்பர் 20-ந் தேதி சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை மகள் பேட்டோடு நின்று எண்ணினாள், 41. எங்கிருந்து வருகிறது என்று தேடியதில், செப்டிக் டேங்கிலிருந்து மாடிக்கு மேலே போகிற காற்றுக் குழாயின் வாய் திறந்தே கிடந்தது. முன்பு கட்டியிருந்த வலை வெயிலில் பொடிந்து உதிர்ந்திருந்தது. அந்தக் குழாய் வழியே கொசு உள்ளே போய் முட்டை போடுகிறது, பிள்ளைகள் வெளியே வந்து கழிப்பறை ஜன்னல் வழியே வீட்டுக்குள் நுழைகின்றன. என்னிடம் வலைத் துணிக்கா பஞ்சம்? வட்டமாக வெட்டி, விளிம்பில் எலாஸ்டிக் கோத்து, தலைக்குப் போடும் குளியல் தொப்பி மாதிரி ஒன்று தைத்து மாட்டினோம். டிசம்பர் 31 அன்று மறுபடியும் அதே ஒரு மணி நேரம் எண்ணினாள். ஆறு.

அதைப் பார்த்து தெருவில் 23 வீட்டுக்குத் தொப்பி தைத்துக் கொடுத்திருக்கிறேன். ஹவுஸ் ஓனர்கூட இரண்டு வாங்கிக்கொண்டார். ஆனால் வாசல் அறையில், என் மெஷினுக்கு அடியில், கொசு குறையவே இல்லை. அது வடிகாலிலிருந்து வருகிறது. சாயங்காலம் ஐந்தே முக்கால் வாக்கில் வாசலில் நின்று பாருங்கள், வடிகால் மூடியின் ஓட்டை வழியாக அடுப்புப் புகை மாதிரி எழும்பி வரும். அதற்கு என்னால் தொப்பி தைக்க முடியாது. மூடி அவர்களுடையது.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் முடியும்வரை வாரம் ஒருமுறை, பத்து நாளுக்கு ஒருமுறை அல்ல, வாரம் ஒருமுறை, வடிகால் தொட்டிகளில் புழு கொல்லும் மருந்து ஊற்ற வேண்டும். பத்து நாளில் கொசுவாகிவிடுவதற்கு பத்து நாளுக்கு ஒருமுறை வந்து என்ன பயன்? மழைக்கு முன் தூர் வாருவது போல மழை நின்றதும் ஒருமுறை வண்டலை அள்ள வேண்டும். புகை அடித்தே தீருவேன் என்றால் பொழுது சாய்ந்து அடியுங்கள். அப்புறம், கள்ளக் குழாய்களை அடைப்பது. இதைக் கேட்கும்போது என் குளியலறைத் தண்ணீர் எங்கே போகும் என்று நானே கேட்டுக்கொள்கிறேன். பாதாளச் சாக்கடை இணைப்பு எங்கள் தெருவுக்கு இன்னும் வரவில்லை. இணைப்பைக் கொடுத்துவிட்டு அடையுங்கள்.

நவம்பரில் வந்த அந்தப் பெண்ணை டிசம்பரில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம், மூன்று மாத ஒப்பந்தம். கரண்டியும் டார்ச்சும் கையில் இருந்தவளை, கொசு கூடுகிற நேரம் பார்த்து நிறுத்தியிருக்கிறார்கள். மார்ச் வரை அவளை வைத்துக்கொண்டால் வடிகாலில் மருந்து ஊற்றுவதற்கு வேறு ஆளே தேட வேண்டாம்.

குழாய்த் தொப்பி வேண்டும் என்பவர்கள் வீட்டிலேயே தைத்துக்கொள்ளலாம், அதற்கான அளவை எழுதிவிடுகிறேன். நாலு அங்குலக் குழாய்க்குப் பத்து அங்குல வட்டம். ஒரு மீட்டர் அகல வலையில் ஒரு மீட்டர் வாங்கினால் நெருக்கி வெட்டிப் பன்னிரண்டு வரும். சந்தையில் காய்கறி கட்டித் தருகிற பெரிய கண் வலை வேண்டாம், கொசுவலைத் துணியே வேண்டும். விளிம்பை இரண்டு மடிப்பாக மடித்துத் தைத்து, எலாஸ்டிக்கைக் குழாயின் சுற்றளவைவிட இரண்டு அங்குலம் குறைத்துக் கோத்துவிடுங்கள். மாட்டிய பிறகு அதன் மேலே ஒரு கயிறும் கட்டுங்கள், எலாஸ்டிக் வெயிலில் தளர்ந்துவிடும். வலையும் எட்டு, ஒன்பது மாதத்துக்கு மேல் தாங்காது. இப்போது மாட்டினால் அடுத்த புரட்டாசியில் மழைக்கு முன் ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரி,
சென்னைக்குத் தெற்கே ஒரு புறநகர்.